மூணு வருஷம் டயல்-அப் கட்டினா கம்ப்யூட்டர் ஓசி: சித்தப்பா ஏமாந்தாரா?

கேள்விய ஒரு தடவ திருப்பி சொல்லிக்கறேன். உங்க சித்தப்பா 1999 கடைசியில நியூஜெர்சியில வேலைல இருந்தப்போ கம்ப்யூட்டர ஓசியில வாங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்கார், மூணு வருஷம் இன்டர்நெட் கட்டணும்ங்கறது மட்டும்தான் கண்டிஷனாம். சித்தி உடனே, 2001-ல வசூல்காரன் லெட்டர் போட்டானே அத ஏன் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு கேப்பாங்களாம். கம்ப்யூட்டர் விலையில 400 டாலர தூக்கி குடுத்துட்டு இன்டர்நெட் கம்பெனிக்கு என்ன லாபம், அது ஓசியா ஏமாத்தான்னு கேட்டிருக்கீங்க. ஆனா படிச்சு பாத்தா நீங்க உண்மையில கேக்கறது சித்தப்பா சொல்றது சரியா சித்தி சொல்றது சரியாங்கறதுதான்னு தோணுது. ரெண்டு பேரும் சொல்றது நடந்திருக்கும். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் 1999-லேருந்து 2002 வரைக்கும் அமெரிக்காவுல ஒரு டயல்-அப் கம்பெனியில, அதாவது வீட்டு போன் லைன்ல மோடம் வழியா இன்டர்நெட் குடுக்கற கம்பெனியில, பில்லிங் சாப்ட்வேர் பக்கம் வேலை பாத்தேன். ஒய்2கே, அதாவது 2000-ம் வருஷ தேதி கோளாற சரி பண்ற வேலைக்குன்னு போய் அப்படியே அங்க உக்காந்தவன். பேர் வேண்டாம். இந்த மூணு வருஷ காண்ட்ராக்ட் கணக்குகளுக்குன்னு தனியா ஒரு குறியீடு போட்டு, மாசாமாசம் கிரெடிட் கார்டுல எடுக்கறது, நடுவுல விட்டுட்டு போறவங்ககிட்ட எவ்வளவு வசூலிக்கறதுன்னு கணக்கு போடறது, அதெல்லாம் எங்க டீம் எழுதின ப்ரோக்ராம்தான். நான் பாத்தது ஒரே ஒரு கம்பெனியோட உள்பக்கம், அத வெச்சு எல்லா கம்பெனியும் அப்படித்தான்னு சொல்லிட முடியாது. பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் எது, நான் பாத்ததுலேருந்து சொல்றது எதுன்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல உறுதியா தெரிஞ்சது. 1999-ல கம்ப்யூசர்வ், மைக்ரோசாஃப்ட்டோட எம்எஸ்என் மாதிரி இன்டர்நெட் கம்பெனிங்க பெரிய கடைகளோட சேந்து ஒரு ஆஃபர் விட்டாங்க: மாசம் 21.95 டாலர்னு மூணு வருஷத்துக்கு கையெழுத்து போடுங்க, கம்ப்யூட்டர் விலையில 400 டாலர் ரிபேட், அதாவது தள்ளுபடி. அதே சமயத்துல ஈமெஷின்ஸ்னு ஒரு கம்பெனி 1998-ல ஆரம்பிச்சு, 399, 499 டாலருக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டு மார்க்கெட்டையே கலக்கிட்டு இருந்தாங்க, செலிரான் ப்ராசசர், 32 எம்பி ராம், மானிட்டர் தனியா வாங்கிக்கணும். 399-லேருந்து 400 போனா என்ன மிச்சம்? விளம்பரத்துல பெருசா "ஃப்ரீ"ன்னு போட்டதுக்கு கணக்கு அதுதான். டாக்ஸ் மட்டும் பெரும்பாலான மாநிலங்கள்ல ரிபேட்டுக்கு முந்தின முழு விலைக்கு கட்டணும், அதனால ஓசின்னு போனவங்களும் கவுன்டர்ல கொஞ்சம் காசு எடுத்து வெச்சாங்க. சித்தப்பாகிட்ட மானிட்டரும் டாக்ஸும் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டு பாருங்க.

இப்ப 21.95-ஐ 36-ஆல பெருக்குங்க. 790 டாலர் 20 சென்ட். கையெழுத்து போட்ட அன்னிக்கே அவ்வளவு தர்றேன்னு ஒத்துக்கிட்டாச்சு, பதிலுக்கு கையில 400. இத பாத்துட்டு 400 குடுத்து 790 பிடுங்கிட்டான்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு. அந்த 790-க்குள்ள இன்டர்நெட்டும் இருக்கே. அப்ப பெரிய இன்டர்நெட் கம்பெனியா இருந்த ஏஓஎல்ல காண்ட்ராக்ட் இல்லாம எடுத்தாலும் மாசம் அதே 21.95 தான். ஆக எப்படியும் மூணு வருஷம் ஏஓஎல்லோ எம்எஸ்என்னோ வெச்சுக்கத்தான் போறேன்னு இருந்த ஆளுக்கு இது சுத்தமா 400 டாலர் லாபம், ஒரு சென்ட்கூட கூடுதல் இல்ல. இத நான் மனசார சொல்றேன், அந்த மாதிரி ஆளுங்க இருந்தாங்க, அவங்களுக்கு இது நல்ல டீல்.

கணக்கு மாறறது எங்கன்னா, அத விட மலிவா இன்டர்நெட் கிடைக்கற ஆளுக்கு. நெட்ஜீரோங்கற இன்டர்நெட் கம்பெனி 2001-ல மாசம் 9.95-க்கு ஒரு ப்ளான் கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி ஒண்ண ஆரம்பத்துலேருந்தே வெச்சிருந்தா நீங்க மாசம் 12 டாலர் கூடுதலா கட்டறீங்க, 36 மாசத்துல 432. அப்ப 400 டாலர் கடன் வாங்கி 432 திருப்பி கட்டின மாதிரி, வருஷ வட்டி போட்டு பாத்தா 5 சதவீதம் பக்கம் வரும். கிரெடிட் கார்டுல கம்ப்யூட்டர் வாங்கறத விட இது எவ்வளவோ தேவல. ஆனா நெட்ஜீரோ 1998-லேருந்தே விளம்பரத்த காட்டிட்டு ஓசியில இன்டர்நெட் குடுத்துட்டு இருந்தாங்க. வாரத்துல ரெண்டு மெயில் பாக்கற ஒரு ஆளுக்கு அதுவே போதும். அப்படிப்பட்டவர் இந்த காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டிருந்தா அவர் கட்டற முழு 21.95-உம் அந்த 400-க்கான தவணை, அத வட்டியா மாத்தினா வருஷத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல போகுது. ஒரே பேப்பர், ஒரே 400 டாலர், ஒருத்தருக்கு சும்மா கிடைச்ச பணம், இன்னொருத்தருக்கு மீட்டர் வட்டி. உங்க கேள்விக்கு ஓசி அல்லது ஏமாத்துன்னு ஒத்த வார்த்தையில பதில் சொல்ல முடியாததுக்கு காரணம் இதுதான்.

சரி, கம்பெனிக்கு என்ன லாபம்? ரெண்டு காரணம், ரெண்டுமே முக்கியம். ஒண்ணு, டயல்-அப்ல ஆளுங்க தங்க மாட்டாங்க. ஒரு மாசம் இதுல, அடுத்த மாசம் இன்னொரு கம்பெனியோட இணைப்பு சாப்ட்வேர் இருக்கற ஓசி சிடி வந்துச்சுன்னு அதுல. ஒவ்வொரு புது ஆளயும் பிடிக்க சிடி அச்சடிச்சு அனுப்பறது, டிவி விளம்பரம்னு காச கொட்டணும், பிடிச்ச ஆள் மூணாம் மாசம் ஓடிடுவார். அந்த செலவ மொத்தமா ஒரே ஆள்கிட்ட 400 டாலரா குடுத்து 36 மாசத்துக்கு கட்டி போட்டுட்டா நிம்மதி. இணைப்பு குடுக்கற செலவும் ஒரு ஆளுக்கு பெருசா இல்ல, ஏன்னா கம்பெனி பக்கம் கால எடுக்கற ஒரு மோடம் போர்ட்ட பத்து பேர் பக்கம் மாத்தி மாத்தி உபயோகிப்பாங்கன்னு கணக்கு வெச்சுதான் போர்ட் வாங்குவாங்க. பெரிய கம்பெனிங்க பலதுக்கே அந்த மோடம் எல்லாம் சொந்தம் கிடையாது. 1998-ல கம்ப்யூசர்வ் கை மாறினப்போ வேர்ல்ட்காம்ங்கற டெலிபோன் கம்பெனி அதோட நெட்வொர்க்க எடுத்துக்கிட்டு, சந்தாதாரர்கள் இருக்கற ஆன்லைன் சர்வீஸ ஏஓஎல்-கிட்ட குடுத்துடுச்சு. கம்பி ஒருத்தன்கிட்ட, வாடிக்கையாளர் இன்னொருத்தன்கிட்ட.

ரெண்டாவது காரணம் பங்குச்சந்தை. 1999-ல லாபம் எவ்வளவுன்னு கேட்டத விட சந்தாதாரர் எத்தன பேருன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. அந்த வருஷ கடைசியில ஏஓஎல் 2 கோடி பேர தாண்டியாச்சு, எம்எஸ்என் ரொம்ப பின்னால இருந்துச்சு, மைக்ரோசாஃப்ட்டுக்கு துரத்தி பிடிச்சே ஆகணும். அதே டிசம்பர்ல பெஸ்ட் பை கடையில 20 கோடி டாலர் முதலீடு போட்டாங்க, கடைக்குள்ள எம்எஸ்என் கவுன்டர் வந்துச்சு. 400 டாலர அவங்க செலவா நினைக்கல, ஆள் எண்ணிக்கை வாங்கற விலையா நினைச்சாங்க. இத நான் வெளியில படிச்சு மட்டும் சொல்லல. எங்க ஆபீஸ்லயும் மாச கடைசியில முதல்ல கேக்கற ரிப்போர்ட் புது கணக்கு எண்ணிக்கைதான், எத்தன பேர் ஒழுங்கா காசு கட்டறாங்கங்கற ரிப்போர்ட் அதுக்கப்புறம்தான் கேப்பாங்க.

இந்த மாதிரி திட்டம் அமெரிக்காவுல எடுபட்டதுக்கு இன்னொரு காரணம் உண்டு, நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். அங்க பெரும்பாலான வீடுகளுக்கு லோக்கல் கால் எவ்வளவு நேரம் பேசினாலும் தனியா காசு கிடையாது. சென்னையில அப்ப மூணு நிமிஷத்துக்கு ஒரு பல்ஸ் ஓடும், விஎஸ்என்எல் இன்டர்நெட்ட மணிக்கணக்குல வித்தாங்க, ராத்திரி பத்தரைக்கு மேல கனெக்ட் பண்ணினாலும் மீட்டர்லதான் கண்ணு இருக்கும். அங்க ரெண்டு மணி நேரம் லைன்லயே இருக்கலாம், வீட்டுக்கு வர்ற போன் பிஸியா இருக்கும், அவ்வளவுதான்.

ஆனா அந்த "லோக்கல்"ங்கற வார்த்தையிலதான் நெறைய பேர் மாட்டினாங்க. நான் நேரா கேட்ட ஒரு கால சொல்றேன். எங்கள மாதிரி பில்லிங் ஆளுங்கள வருஷத்துல ரெண்டு நாள் கால் சென்டர்ல இன்னொரு ஹெட்செட் குடுத்து உக்கார வெப்பாங்க, வாடிக்கையாளர் என்ன பேசறாங்கன்னு கேக்கணும்னு. ஒரு பாட்டி பேசினாங்க, குரல்லயே எழுபதுக்கு மேல இருக்கும். கிராமத்து பக்கம். பேரன் காலேஜுக்கு போயிட்டான், அவன்கூட மெயில் பேசணும்னு கம்ப்யூட்டர் வாங்கி, மூணு வருஷத்துக்கு கையெழுத்து போட்டிருக்காங்க. எங்க சாப்ட்வேர் காட்டின நம்பர்ல அவங்க ஏரியா கோட் இருந்துச்சு, அதனால லோக்கல்னு நினைச்சு தினமும் கனெக்ட் பண்ணிருக்காங்க. ஒரே ஏரியா கோடா இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் வேற, நிமிஷத்துக்கு காசு. போன் கம்பெனி பில் 200 டாலருக்கு மேல வந்திருக்கு. அவங்க கத்தவே இல்ல, பில்ல கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா தேதி, நிமிஷம், காசுன்னு வாசிச்சாங்க, பேப்பர் புரட்டற சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல இருந்த ஏஜென்ட் பொண்ணு அவங்க எக்ஸ்சேஞ்சுக்கு லோக்கலா ஏதாவது நம்பர் இருக்கான்னு தேடி பாத்துச்சு, ஒண்ணுகூட இல்ல. சரி, நிறுத்திடுங்கன்னு அவங்க சொன்னதும் ஸ்கிரீன்ல வந்த தொகை, ரிபேட்ல திருப்பி தர வேண்டிய பாக்கியும் கேன்சலேஷன் சார்ஜும் சேத்து, நான் எழுதின ஃபார்முலாவுலேருந்து வந்த தொகை. மேல பேசி அவங்களுக்கு அத தள்ளுபடி பண்ண வெச்சோம். போன் பண்ணாம விட்டவங்களுக்கு யார் தள்ளுபடி பண்ணிருப்பாங்க?

இது எங்க கம்பெனியோட மட்டும் நின்ன பிரச்சினை இல்ல. 2000-ல எஃப்டிசி, அதாவது நுகர்வோர ஏமாத்தற வியாபாரத்த கவனிக்கற மத்திய ஆணையம், வேல்யூ அமெரிக்கா, ஆஃபீஸ் டிப்போ, பை டாட் காம்ங்கற மூணு விற்பனை கம்பெனிங்க மேலயும் இந்த ஓசி கம்ப்யூட்டர் விளம்பரங்களுக்காக நடவடிக்கை எடுத்து சமரசத்துல முடிச்சாங்க. குறை என்னன்னா "ஃப்ரீ"ங்கறது கொட்ட எழுத்துல இருக்கு, மூணு வருஷ காண்ட்ராக்ட், மொத்தம் எவ்வளவு, நடுவுல நிறுத்தினா என்ன, சில பேருக்கு எஸ்டிடி சார்ஜ் வரும்ங்கறதெல்லாம் கண்ணுக்கு தெரியாத பொடி எழுத்துல கிடக்கு. பாட்டி பில்ல பாத்த எனக்கு அந்த கடைசி விஷயம் அரசாங்க பேப்பர்ல வந்தது பெரிய ஆறுதல்.

ரிபேட்லயும் ரெண்டு வகை இருந்துச்சு, சித்தப்பாவுக்கு எதுன்னு கேளுங்க. கவுன்டர்லயே கழிச்சா பிரச்சினை இல்ல. தபால் ரிபேட்னா முழு விலையும் முதல்ல நீங்க கட்டணும், அப்புறம் அட்டப்பெட்டியில ஒட்டியிருக்கற பார்கோட கத்தியால வெட்டி எடுத்து, ரசீது காப்பி, ஃபார்ம் எல்லாம் சேத்து தேதிக்குள்ள தபால்ல போட்டுட்டு செக்குக்கு காத்திருக்கணும். பார்கோட வெட்டின பெட்டிய கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான், ஆக வெட்டின நிமிஷத்துலேருந்து மெஷின் நல்லா இருந்தாலும் இல்லன்னாலும் அது உங்களுது. செக் வராம மாசக்கணக்குல அலைஞ்சவங்க நெறைய. 2003-ல ஏஓஎல்லும் கம்ப்யூசர்வும் எஃப்டிசி-கூட சமரசம் பண்ணிக்கிட்ட வழக்குல இதுவும் ஒரு குற்றச்சாட்டு, 400 டாலர் ரிபேட்ட சொன்ன நேரத்துல அனுப்பலன்னு. அதே வழக்குல, நிறுத்த சொன்னவங்ககிட்டயும் தொடர்ந்து காசு எடுத்தாங்கன்னு இன்னொண்ணு.

நிறுத்தறதுன்னதும் கலிபோர்னியா, ஒரேகான் கதைய சொல்லியே ஆகணும். அந்த ரெண்டு மாநில சட்டத்தால, அங்க இருக்கறவங்க எம்எஸ்என்ன நடுவுல நிறுத்தினா 400-ஐ திருப்பி தர வேண்டாம்னு காண்ட்ராக்ட்லயே ஒரு வரி இருந்துச்சு. 2000 ஜனவரி தொடக்கத்துல அந்த வரி ஜனங்க கண்ணுல பட்டுச்சு, இன்டர்நெட்ல பரவுச்சு, கடைகள்ல கூட்டம் அம்மிடுச்சு, மைக்ரோசாஃப்ட் அவசரமா அந்த ரெண்டு மாநிலத்துலயும் ரிபேட்ட நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த சம்பவம் சொன்ன விஷயம் இதுதான்: திட்டம் மொத்தமும் நின்னது "நடுவுல போனா பணத்த திருப்பி குடு"ங்கற அந்த ஒரு வரி மேல. அத எடுத்துட்டா ரெண்டு வாரம்கூட தாங்கல.

அப்படின்னா எத்தன பேர் நடுவுல போக நினைச்சாங்க? எங்க கம்பெனியில 2001 நடுவுலேருந்து, ஏன் நிறுத்தறீங்கன்னு கேட்டு பதிவு பண்ற காரணத்துல கேபிள், டிஎஸ்எல்ங்கற வேகமான இன்டர்நெட் இணைப்பு மளமளன்னு ஏறுச்சு, இது நான் ஸ்கிரீன்ல பாத்தது. 1999-ல 36 மாசத்துக்கு டயல்-அப் எழுதி குடுக்கறதுன்னா 2002 கடைசி வரைக்கும். 56கே மோடம்னு பேரு, அமெரிக்க விதிப்படி அதிகபட்சமே நொடிக்கு 53 கிலோபிட் பக்கம்தான், வீட்டு லைன்ல 40-க்கு மேல வந்தாலே சந்தோஷம். அந்த மூணு வருஷத்துக்குள்ளதான் பக்கத்து வீட்டுக்கு கேபிள் வந்துச்சு. கம்ப்யூட்டரும் அதுக்குள்ள கிழமாச்சு: 2001 அக்டோபர்ல வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு குறைஞ்சது 64 எம்பி ராம் வேணும், ஓசியில வாங்கினதுல 32. மெஷின தூக்கி பரண்ல போட்டதுக்கு அப்புறமும் கார்டுல 21.95 போயிட்டே இருந்த வீடுங்க உண்டு. கார்ட மாத்திட்டா தானா நின்னுடும்னு நினைச்சவங்கதான் ரொம்ப கஷ்டப்பட்டாங்க. எங்க சிஸ்டத்துல கார்டு மூணு தடவ மறுத்துச்சுன்னா அது கேன்சல் கிடையாது, பாக்கி. முழு தொகையும் வசூல் ஏஜென்சிக்கு போயிடும். சித்திக்கு ஞாபகம் இருக்கற லெட்டர் இப்படித்தான் வந்திருக்கணும்ங்கறது என் ஊகம், பேப்பர பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன்.

சித்தப்பா பக்கமும் ஒண்ணு சொல்லணும். அந்த காலத்துல கன்சல்டிங்ல போன நம்ம ஆளுங்க ஆறு மாசம் நியூஜெர்சி, எட்டு மாசம் டல்லாஸ்னு ப்ராஜெக்ட் மாறி மாறி போயிட்டு இருந்தாங்க. கேபிள் இருக்கா இல்லையான்னு தெரியாத அபார்ட்மென்ட்டுக்கு சூட்கேஸோட போய் இறங்கி, போன் லைன் வந்த அன்னிக்கே மோடம் கூப்பிடற நம்பர அந்த ஊர் நம்பரா மாத்தினா ஊர்ல அம்மா அப்பாவுக்கு மெயில் போடலாம். அப்படி மாறிட்டே இருந்தவருக்கு நாடு முழுக்க நம்பர் இருக்கற கம்பெனியோட காண்ட்ராக்ட் நல்லாவே உபயோகப்பட்டிருக்கும். 2000 வரைக்கும் அவர் ஓசின்னு சொன்னது பொய்யில்ல. ஒரே ஊர்ல நிலைச்சு, வீட்டுக்கு டிஎஸ்எல் வந்ததுக்கு அப்புறம்தான் மிச்ச மாசங்களோட பாரம் தெரிஞ்சிருக்கும், அத கையில வாங்கி படிச்சது சித்தி.

லெட்டர் இன்னும் வீட்டுல இருந்தா பயப்பட வேண்டாம். இவ்வளவு வருஷம் ஆன பாக்கிக்கு கேஸ் போடற காலக்கெடு எந்த மாநிலத்துலயும் மிச்சம் இருக்காது, கிரெடிட் ரிப்போர்ட்லயும் ஏழு வருஷத்துலயே போயிருக்கும். ஆனா அதுல போட்டிருக்கற தொகைய பாருங்க. உதாரணத்துக்கு இருபது மாசம் கட்டி நிறுத்தினார்னு வெச்சா, மிச்சம் 16 மாசத்துக்கு 400-ல பங்கு போட்டா 178 டாலர் வரும். தொகை அதுக்கு பக்கத்துல, கொஞ்சம் சார்ஜோட இருந்தா, கட்டின மாசத்துக்கு கழிச்சுட்டுதான் கேட்டிருக்காங்க, அது நியாயமான கணக்கு, சித்தப்பாவும் பெருசா ஏமாறல. 400-ஓ அதுக்கு மேலயோ இருந்தா, இருபது மாசம் கட்டினத ஒண்ணுமில்லன்னு பண்ணிட்டு முழுசா திருப்பி கேட்டிருக்காங்கன்னு அர்த்தம், அப்ப சித்தியோட கோவம் நியாயம். எத்தன மாசம் கட்டினார், லெட்டர்ல எவ்வளவு போட்டிருக்குன்னு ரெண்டு நம்பர் மட்டும் இங்க சொல்லுங்க, மிச்ச கணக்க நான் போட்டு தர்றேன்.